மேடைத் துணி

இருபத்தாறு வருடங்களாக அந்தப் பள்ளி விழாக்களுக்கு மேடையின் பின்னால் கட்டும் துணியை எழுதியவர் ஓவிய ஆசிரியை சொர்ணாம்பிகை. மாநிலக் கண்காட்சிகளில் பரிசு வாங்கிய கை அது. "டிராயிங் மிஸ், எம்.எல்.ஏ. பேரைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க" என்பதைத் தாண்டித் தலைமையாசிரியர் அந்தக் கையிடம் எதுவும் கேட்டதில்லை. அந்த மனிதருக்கு எவர் பெயரும் நினைவில் நிற்காது. மைக்கைப் பிடித்தபடி கழுத்தைத் திருப்பி, துணியைப் பார்த்துத்தான் வாசிப்பார்.

சொர்ணாம்பிகையின் பணி ஓய்வு விழாவும் வந்தது.

"துணியை நீங்களே எழுதிடுங்க மிஸ், உங்கள மாதிரி யாருக்கு வரும்?" என்றார் தலைமையாசிரியர், கூச்சமே இல்லாமல்.

எழுதிக் கட்டியாயிற்று. வழக்கம்போல் தாமதமாக வந்தவர் நேரே மைக்கைப் பிடித்தார். பிள்ளைகள் ஏற்கெனவே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு ஓய்வு பெறுகிற நம்ம அன்புச் சகோதரி, திருமதி..."

கழுத்து திரும்பியது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில், மைக்கைப் பிடித்தபடி, வாயைப் பிளந்து, கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் தலைமையாசிரியரே ஓவியமாக இருந்தார். மூக்குக்கண்ணாடி வழுக்கியிருந்த அளவுகூடப் பிசகவில்லை.

"அப்படியே அசையாம நில்லுங்க சார்," என்றார் மாலையோடு உட்கார்ந்திருந்த சொர்ணாம்பிகை. "பிள்ளைங்க பார்த்து வரையட்டும்."