பெயர் போடாத படக்கதை

"இந்தப் படக்கதையை வரைஞ்சது யாரு சார்?"

சாதாரணமாகக் கேட்கத்தான் சொக்கலிங்கம் நினைத்தான். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. சைக்ளோஸ்டைல் மிஷினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த சிவஞானம் வாத்தியார் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"க்யா ஹுவா, என்ன ஆச்சு? இப்படி வேர்த்துக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல சார். படம் நல்லா இருக்கேன்னு கேட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பேரைச் சொல்ல மாட்டேன். கூச்சப்படுறவங்க பேரு போடாமக் குடுக்கலாம்னு முதல் நாளே வாக்குக் குடுத்துட்டேன்."

போர்ட் பிளேர் நகரின் லம்பா லைன் பகுதியில், பள்ளிக்கூடத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஞாயிறு மதியம் நடக்கும் பத்திரிகைப் பட்டறை அது. தீவுக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில் எழுதவும் வரையவும் ஆசைப்பட்டவர்களைக் கூட்டி வாத்தியார் தொடங்கி நாலு மாதம் ஆகிறது. யார் எதைக் கொடுத்தாலும் ஸ்டென்சில் என்ற மெழுகுத் தாளில் ஊசியால் கீறி, எழுத்தையும் எழுதுவது அவர்தான். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

சொக்கலிங்கம் அங்கே வருகிறவன் இல்லை. அவன் மனைவி இந்திராணிதான் வாராவாரம் வருவாள். தாள்களை மடித்துத் தைக்கும் வேலை என்று சொல்லியிருந்தாள். இன்று குழந்தைக்குக் காய்ச்சல். வீட்டிலேயே தைத்துத் தருகிறேன் என்று தாள் கட்டு ஒன்றை வாங்கி வர அவனை அனுப்பியிருந்தாள்.

மை காயாத அந்தத் தாளை மறுபடியும் பார்த்தான். ஒருவன் விடிவதற்கு முன் வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறான். மெட்ராஸ் துறைமுகத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறான். கப்பலில் யார் முகத்தையும் பாராமல் உட்கார்ந்திருக்கிறான். கடைசிக் கட்டத்தில் போர்ட் பிளேர் ஜெட்டி, கப்பல் வந்து அணையும் துறை. யாரோ பெயர் கேட்க, ஒரு புதுப் பெயரைச் சொல்கிறான். அதன் கீழே, 'தாலி உறவை உதறிவிட்டு வந்தவன் இங்கே இன்னொரு குடும்பம் கண்டான். அடுத்த இதழில்: தேடி வந்த கப்பல்!'

எட்டு வருஷத்துக்கு முன் சொக்கலிங்கம் அப்படித்தான் வந்தான். சொக்கலிங்கம் என்ற பெயரே அந்த ஜெட்டியில் வைத்துக்கொண்டதுதான். இன்றைக்கும் கப்பல் வரும் நாளில் ஜெட்டிப் பக்கம் போக மாட்டான்.

"எத்தனை காப்பி சார்?"

"அறுபது. பத்துபஸ்தி, புரோத்ராபூர்னு நம்ம வீடுகளுக்கெல்லாம் போகும். அப்புறம் புதன்கிழமை கப்பல்ல மெயின்லேண்டுக்குப் பத்து. மதுரையில என் தம்பி வாசகசாலை நடத்தறான்."

மதுரை! அங்கிருந்து அவன் ஊருக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

கட்டு வாங்காமலேயே பத்துபஸ்தியிலிருந்த தன் வீட்டுக்கு நடந்தான். எதிரே வந்த தெரிந்தவர்கள் சிரித்தால்கூட, 'இவன் படித்துவிட்டானோ' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இந்திராணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கிவிட்டிருந்தது.

"கட்டு எங்கே?"

"வாங்கல. இனிமே நீயும் அங்க போக வேணாம்."

அவள் கை நின்றது. "ஏன்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒரு படக்கதை வந்திருக்கு. கப்பலேறி ஓடி வந்தவன் கதை. புதன்கிழமை அது மதுரைக்குப் போகுதாம்."

"மெயின்லேண்டுக்கா?" அவள் முகம் வெளுத்தது. "இங்க மட்டும்தான்னு வாத்தியார் சொன்னாரே!"

படத்தில் இருப்பவன் யாரென்று இவளும் ஊகித்துவிட்டாள் என்று சொக்கலிங்கம் நினைத்தான். ஏழு வருஷத்துக்கு முன் கோயிலில் மாலை மாற்றியபோது இரண்டு பக்கமும் உறவு என்று ஒருவரும் வரவில்லை. தீவில் அதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அவள் அனாதை என்றாள். அவனும் அதையே சொன்னான். அதற்கு மேல் அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த நல்ல குணத்துக்கு இதுவா பதில்?

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"இந்திராணி, அந்தப் படத்துல இருக்கறவன் நான்தான்."

அவள் அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அருப்புக்கோட்டையில மாமா மகளைக் கட்டி வச்சாங்க. வேணாம்னு சொல்ல எனக்குத் தைரியமில்ல. மூணு மாசம் இருந்துட்டு ஓடி வந்துட்டேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் கிடையாது. என் பேரு பாலசுப்பிரமணியம். எவனோ மோப்பம் பிடிச்சுட்டான். அடுத்த மாசம் அவ தேடி வர்ற மாதிரி போடப் போறான். ஊரார் சொல்லி நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு தோணிச்சு. வெளியே போன்னு சொன்னாலும் போயிடறேன்."

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"யாரும் மோப்பம் பிடிக்கல," என்றாள். "அதை வரைஞ்சது நான்தான்."

"நீயா? அப்ப... எல்லாம் தெரியுமா உனக்கு? எத்தனை நாளா?"

"உங்க கதை இப்பத்தாங்க தெரியும்," என்றாள் இந்திராணி. "புருஷன் வீட்டுக் கதவைச் சாத்திட்டுக் கப்பலேறினது நான், பொம்பளையாப் போட்டா அடையாளம் தெரிஞ்சுடுமேன்னு மீசை வரைஞ்சேன்."