இரண்டு தட்டு

எங்கள் கிள்ளான் ஊர் ராக் குழுவின் முதல் இரண்டு கேசட்டுகளுக்கும் டிரம் அடித்தவன் வீராசாமி. கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து நேரே வருவான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு டிரம் விளிம்பில் இரண்டு தட்டு தட்டிக் காத்திருப்பான். நான் "போலாம்டா" என்றால்தான் அடிப்பான்.

மூன்றாவது கேசட்டுக்கு டிரம் மெஷின் வாங்கினோம். "இப்ப இந்தச் சவுண்டுதான் லா. வீராகிட்ட நீயே சொல்லிடு," என்றான் பாடகன் ஜெயராஜ். நான் சொல்லவில்லை. நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்த அன்று, கிள்ளானில் பூட்டிக் கிடந்த எங்கள் ஒத்திகை அறை வாசலில் காத்திருந்துவிட்டுத் திரும்பிய வீராசாமி லோரி மோதிச் செத்தான்.

கேசட் வந்தது. கடைசிப் பாட்டுக்குப் பின் வெற்று நாடாவில் இரண்டு தட்டு கேட்டது.

"மெஷின்ல இந்தச் சத்தமே இல்லையேடா," என்றான் ஜெயராஜ்.

மறுபடி இரண்டு தட்டு. நாடா தீரும்வரை காத்துக் காத்துத் தட்டினான். "போலாம்டா" என்று சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை.