குழாயில் எரிந்த விளக்கு

அவர் சமையலறைக் குழாயில் டெஸ்டரை வைத்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

எரிந்தது.

தண்ணீர்க் குழாயில் கரண்ட்.

இன்டக்‌ஷன் அடுப்பு வந்து நாலு நாள். முதல் நாளே சட்டியைத் தொட்டால் சுருக்கென்றது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. ஒன்றைச் சரிபண்ணி இரண்டைக் கெடுத்துவிட்டுப் போகிறவனை எதற்கு உள்ளே விடுவது. பிளக் பாயின்ட்டின் எர்த்திலிருந்து ஒரு ஒயரை இழுத்து, குழாயில் அவரே கட்டினார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகும். கரண்டும் கூடவே போய்விடும்.

போன வருஷம் துருப்பிடித்தது என்று, மண்ணுக்குள் இருந்த இரும்பை வெட்டி எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டதும் அவரேதான்.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அடுப்பு சுவிட்சை அணைத்தார். டெஸ்டரை வைத்தார்.

அப்போதும் எரிந்தது. அடுப்பில் மட்டுமில்லை, வீட்டு எர்த் ஒயரிலேயே கரண்ட்.

ஒயரைப் பிடித்து இழுக்கக் கை போனது. பாதியில் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. இதே குழாய்தான் அங்கும் போகிறது.

உள்ளே மனைவி வாளியை நகர்த்தும் சத்தம்.

காலையில்தான் கத்தினார். சாமி இருக்கிற வீட்டுக்குள் செருப்பா என்று. அவள் ரப்பர் செருப்பை எடுத்து வாசலில் எறிந்ததும் அவரே.

ஈரத் தரை. வெறுங்கால்.

“செம்பகம், குழாயத் தொடாத.”

அவருக்குக் குரல் எழவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

மெயின் சுவிட்ச் வாசல் பக்கம். முட்டிவலியெல்லாம் தெரியவில்லை. இழுத்து இறக்கினார்.

ஃபேன் நின்றது.

குளியலறைக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வாளி நிரம்பி வழிகிற சத்தம். யாரும் மூடவில்லை.

கதவைத் தட்டினார்.



இரண்டு கையாலும் தட்டினார்.

தண்ணீர் நின்றது. தாழ்ப்பாள் மெதுவாக விலகியது.

கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“திட்டாதீங்க. வெறுங்காலோட நின்னு குழாயத் தொறந்தா கையெல்லாம் விறுவிறுங்குது. தரைச் சில்லிப்பு ஒத்துக்கல போல. அதான் செருப்ப மறுபடி எடுத்துட்டு வந்தேன்.”

சொல்லிக்கொண்டே ஒரு செருப்பைக் கழற்றினாள்.

அவர் குனிந்தார்.

கழற்றியதை எடுத்து, அவள் கால் பக்கம் வைத்தார்.