மயிலாத்தாளுக்கு ஒரு குழி

மயிலாத்தாளின் உடல் வாசலில் கட்டிலில் கிடந்தது. மாமனாரையும் மாமியாரையும் புதைத்த தோட்டத்து மூலையிலேயே அவளையும் புதைக்க வேண்டும். அரசுக்குப் பயந்து குழி வெட்ட யாரும் முன்வராததால் கணவர் நாச்சிமுத்துவே மண்வெட்டியை எடுத்தார். ஒரு சாண் ஆழம் தாண்டியதும் வரப்பில் அரசு நட்டிருந்த கண்காணிப்புக் கம்பம் அலறியது.

மண் காப்புத் திட்டத்தில் அரசு உதவிப்பணம் வாங்கும் நிலத்தை அதற்கு மேல் கிளறக்கூடாது. உழவை நிறுத்தி, மண்மேல் சருகு மூடாக்குப் போட்டு, ஊரில் முதலில் அதில் சேர்ந்தவர் அவர்தான். அக்கம்பக்கத்தாரையும் பேசிப் பேசிச் சேர்த்துவிட்டார்.

உடனே கைப்பேசியில் திட்ட அதிகாரி திவாகர் வந்தார்.

"ஐயா, தோண்டாதீங்க. நிலம் மண் காப்பு வாரியத்துக்குப் போயிரும்."

"தம்பி, வந்தப்பெல்லாம் உங்களுக்குச் சோறு போட்டவ செத்துக் கெடக்கறாளுங்க. நெலம் எப்பவும் உங்களுதுதான்னு அவகிட்டத்தானுங்க சொன்னீங்க?"

மறுமுனையில் எதையோ தட்டித் தேடும் சத்தம் கேட்டது. பிறகு திவாகரின் குரலில் உற்சாகம் வந்தது.

"வழி இருக்குங்கய்யா! அம்மாவ எருக்குழியில வெச்சு மூடிக்கலாம். மக்கினதும் தோட்டத்துல பரப்பிட்டீங்கன்னா அதுக்குத் தனியா மானியமே உண்டு."

நாச்சிமுத்து பேசிக்கொண்டிருந்த கைப்பேசியை அந்தச் சாண் ஆழக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடினார். அந்த ஆழத்துக்குத் தடையில்லை.

பிறகு தள்ளி நின்று, கம்பம் அலற அலற, மயிலாத்தாளுக்கான குழியை வெட்டத் தொடங்கினார்.