நாலுக்கு அப்புறம் நாலு

சாயங்கால வெயிலில் கோல் கம்பத்தின் நிழல் மைதானத்தில் நீளமாகப் படுத்திருக்கிறது. ஆட்டம் தொடங்க இன்னும் அரை மணி. புல்லில் முட்டி போட்டிருக்கும் அத்தானின் கணுக்கால்களை மச்சினன் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்திருக்கிறான். அத்தான் உடம்பைப் பலகையாக விறைத்து மெல்ல மெல்ல முன்னால் சாய்கிறார், பின்தொடை வெடவெடக்கிறது, முடியாத இடத்தில் கையை ஊன்றிப் பொத்தென்று விழுகிறார். கால் உரமேறினால் ஓட்டம் கூடும் என்று பயிற்சியாளர் வார்ம்-அப்பில் புதிதாகச் சேர்த்தது இது. ஐந்து தடவைதான், மிஞ்சினால் ஆட்டத்தில் கால் எழும்பாது என்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறார். எண்ண வேண்டியது பிடிப்பவன். அத்தானுக்குக் கால் எழும்பாவிட்டால் அவர் இடத்தில் இறங்கப்போவதும் பிடிப்பவன்தான். பத்து ஆட்டமாகப் பெஞ்சைத் தேய்க்கிறவன்.

"நாலு" என்கிறான் பவ்யமாக. அத்தான் எழுந்து, சாய்ந்து, மறுபடி விழுகிறார். "நாலு."

"நாலு அப்பவே ஆச்சே மச்சான்?"

"அதுல முதுகு வளைஞ்சிடுச்சு அத்தான். சேர்த்தி இல்ல."

மூக்கில் ஒட்டிய புல்லோடு அத்தான் இன்னொரு தடவை விழுகிறார். "நாலு." அக்கா முகம் ஒரு நொடி அவன் நினைவில் வந்து போகிறது. விசில் அடிக்கிறது. "ஆள் மாத்து!" என்று கத்தியபடி பயிற்சியாளர் பக்கத்திலேயே வந்து நிற்கிறார். வேறு வழியில்லாமல் மச்சினன் முட்டி போடுகிறான். பயிற்சியாளர் அடுத்த ஜோடியிடம் நகர்கிறார். கணுக்காலில் இடுக்கி போல் ஒரு பிடி விழுகிறது. சாய்கிறான், விழுகிறான், எழுகிறான். ஆறாவது தடவை புல்லைக் கவ்விக்கொண்டு கிடக்கும்போது அத்தானின் குரல் பின்னாலிருந்து தேனாக வருகிறது.

"முதுகு வளையுது மச்சான். இன்னும் ஒண்ணுகூட ஆகல."