மெட்டுக்குச் சொந்தக்காரர்

“ஒடார்கா அக்கா, நம்ம பாட்டைத் தூக்கிட்டாங்க.”

கணினியிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னாள் ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மோத்ரியா. பண்ணையில் பால் கறந்துவிட்டு வந்த ஒடார்கா, சேற்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தாள்.

“எந்தப் பாட்டுடி?”

“உங்க வீட்டுக்காரர் நினைவு நாளுக்கு ஏழு பேரும் பாடினோமே, அதான். இணையத்துல போட்டிருந்தேன், அதை நீக்கிட்டாங்க. மெட்டு வேற ஒருத்தருக்குச் சொந்தமாம், அவர்கிட்ட அனுமதி வாங்கலையாம்.”

“இந்த வோர்ஸ்க்லா ஆத்துல துணி துவைக்கிறவ எல்லாம் பாடுறா. அவ யாருகிட்டடி அனுமதி கேட்டா?”

“இங்க அப்படி. வெளியில இப்ப பெரிய பாட்டுக்கா. மொதல்ல போர்த்துகீசியத்துல வந்துச்சாம். அப்புறம் ஸ்பானிஷ், பிரெஞ்சு, போலிஷ். கல்யாணத்துல எல்லாம் இதுக்குத்தான் ஆடுறாங்க.”

“ஆடுறாங்களா? புருஷன் திரும்பி வராத பாட்டுடி அது.”

ஒடார்கா கண்ணை மூடிக்கொண்டாள். கப்பல் வேலைக்குப் போன கணவன் ஓபனாஸ் கடலில் விழுந்துவிட்டான் என்று தகவல் வந்து ஒன்பது வருடம். உடல் வரவில்லை. வருடாவருடம் அவன் படத்துக்கு முன்னால் இறந்தவர்களுக்கு வைக்கும் வழக்கப்படி ஒரு கிளாஸ் வோட்கா வைத்து, அதை ஒரு ரொட்டித் துண்டால் மூடி, அவனுக்குப் பிடித்த இந்தப் பாட்டைப் பாடுவார்கள். தன்னைப் பெண் கேட்டு வந்த டிராக்டர்காரரை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டாள்.

“விட்டுடு மோத்ரியா. சண்டை போடத் தெம்பில்ல.”

“உங்க வீட்டுக்காரருக்குப் பாடினது. எப்படி விடுறது? ஆட்சேபம் எழுதிட்டேன். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்.”

ஒடார்கா பேனாவை வாங்கி மெதுவாகக் கையெழுத்திட்டாள்.

“எதிராளி பேரை மட்டும் நிரப்பணும். இருங்க, பதிவைத் திறக்கிறேன். பிரேசில்ல பதிஞ்சிருக்கான். ‘இயற்றி இசைத்தவர்’னு போட்டு...”

மோத்ரியா பாதியில் நிறுத்தினாள்.

“என்னடி? பேரைப் படி.”

ஒடார்கா எழுந்து போய்த் திரையைப் பார்த்தாள். பெயரைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பக்கத்தில் படம் இருந்தது. மடியில் அக்கார்டியன் வாத்தியமும் தோளில் தொற்றிய ஒரு சின்னப் பெண்குழந்தையுமாக, கொஞ்சம் சதை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான் ஓபனாஸ்.