மேலே போகும் மணம்

மூடியைத் திறக்கக் கூடாது.

திறந்தால் சூடு போய்விடும். சூடு போனால் மணம் பிந்தும். மணம் பிந்தினால் எல்லாம் போச்சு.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கரின் முன்னால் நின்றாள். கண்ணாடி மூடியின் உட்புறம் இப்போதுதான் வியர்க்கத் தொடங்கியிருந்தது.

மணி ஒன்பது ஐந்து.

ஏழரைக்குத் தயாபரன் வேலைக்குக் கிளம்பினான். புருஷனின் கார் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து, அதற்குப் பிறகும் நூறு எண்ணிவிட்டுத்தான் கத்தியை எடுத்தாள். முட்டைக்கோவாவை நான்காகப் பிளந்தாள். உருளைக்கிழங்கைத் தோலோடு வெட்டினாள். கட்டைவிரலையும் கொஞ்சம் வெட்டிக்கொண்டாள். சொசேஜைத் துண்டு போட்டு மேலே பரப்பினாள். உப்பு, மிளகு, ஒரு கோப்பைத் தண்ணீர். இவ்வளவுதான் சமையல். வேலையிடத்துப் போலந்துக்காரன் ஒருவன் தயாபரனுக்குப் பழக்கிவிட்டது.

அவனுக்குப் பிடிக்கும் என்பதற்காகவா இன்றைக்குச் சமைத்தாள்? நல்ல கதை! நாள் முழுக்க நாறும் என்பதற்காகச் சமைத்தாள். வெந்த முட்டைக்கோவாவைப் போல வீட்டைப் பிடித்து வைத்திருக்க வேறு எந்தக் காயாலும் முடியாது.

அவர்கள் இருந்தது பேஸ்மென்ட்டில். கூரையில், குளிர்காலச் சூட்டுக் காற்றுக்காகக் கம்பிவலை போட்ட ஒரு துவாரம் இருந்தது. அதற்கு நேர் மேலே மாமியின் சமையலறை.

தயாபரனின் தாய். முழங்கால் வலி. படி இறங்குவதில்லை. இறங்கத் தேவையும் இல்லை. தினமும் பத்தேகாலுக்கு, தேநீர் இடைவேளையில், மகன் ஃபோன் எடுத்து அவள் என்ன செய்கிறாள் என்று கேட்பான். மாமி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, சமைக்கிறாள் என்பார். அந்தப் பதில் துவாரத்தின் வழியே கீழே கேட்கும்.

ஒருநாள் காய்ச்சலில் சமைக்காமல் படுத்துவிட்டாள். "ஒரு மணத்தையும் காணேல்லை" என்றார் மாமி.

பதினொன்றுக்கே கார் வந்து நின்றது.

அன்று நடந்ததை அவள் நினைப்பதில்லை. இடது காதுதான் நினைத்துக்கொள்ளும். இன்னும் சரியாகக் கேட்பதில்லை.

மாமிக்கும் காது மந்தம் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். சில இரவுகளில் ரேடியோவை அப்படி அலறவிடுவார்.

ஒன்பது இருபது. மணம் வரவில்லை.

பாழாய்ப்போன சாமான்! குமிழை ஹைக்குத் திருப்பினாள்.

சோப்புத்தூள் பெட்டிக்குள் இருந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். இரண்டு சோடி உடுப்பு. மருந்து. எல்லாம் கறுப்புக் குப்பைப் பைக்குள் போயின. இன்று குப்பை எடுக்கிற நாள். யாரும் பார்த்தாலும் குப்பைதான். அதற்காகவே முட்டைக்கோவாவின் வெளி இலைகளையும் சொசேஜ் உறையையும் மேலே போட்டாள்.

பத்தரைக்கு பஸ் தரிப்பிடத்தில் யூடித் காரோடு நிற்பாள். ஆங்கில வகுப்பில் பக்கத்தில் இருந்தவள். தயாபரன் வகுப்பை நிறுத்திய பிறகும் இவளை மறக்காத ஒரே ஆள்.

ஒன்பது நாற்பது.

வந்தது.

முதலில் மெல்லிசாக, பிறகு கும்மென்று. கதிரையில் ஏறி நின்று, துவாயால் மணத்தைத் துவாரத்துக்குள் விசிறினாள். போ. மேலே போ. யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். அழுகை வந்தது. அதையும் சத்தமில்லாமல்தான் அழுதாள்.

பத்து பத்து. கோட்டை மாட்டினாள். காலில் சப்பாத்தைப் போட்டாள். பையைத் தூக்கினாள்.

மேலே பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது.

கதவு திறந்தது. ஒரு படி. பிறகு ஒன்றுமில்லை. அடுத்த படி.

பக்கக் கதவுக்குப் போக அந்தப் படியடியைத்தான் தாண்ட வேண்டும். வேறு வழி கிடையாது.

மாமி சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். மறு கையில் ஃபோன். வீட்டுக்குள்ளே போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.

"குப்பை, மாமி."

மாமி அவளைத் தாண்டிச் சமையல் மேசைக்குப் போனார். ஃபோனை அதில் வைத்துவிட்டு, குக்கரின் குமிழைக் குனிந்து பார்த்தார்.

"ஹையிலை விட்டா ரெண்டு மணிக்கே அடிப்பிடிச்சுப் போகும்." குமிழை லோவுக்குத் திருப்பினார். "அவன் வாற வரைக்கும் மணக்கோணும்."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியது; நம்பத்தான் பயமாக இருந்தது.

மாமி திரும்பி வந்து பைக்குள் கையை விட்டார். முட்டைக்கோவா இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டிக்குள் போட்டார். உடுப்பில் ஒட்டியிருந்த ஈரத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். பையின் வாயை முடிந்தார். முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை.

"முந்தநாள் நீ குழறி அழுதது மேலை கேட்டது, பிள்ளை. எல்லா நாளும் கேக்கும். நான் ரேடியோவைக் கூட்டி விட்டிடுவன்."

ஃபோன் அடித்தது.

பத்தேகால்.

மாமி மேசைக்குப் போய், இரண்டு தரம் அடிக்கவிட்டு எடுத்தார்.

"ஓம் தம்பி." எப்போதும் போன்ற குரல். "கீழை சமைக்கிறாள். மேலை வரைக்கும் மணக்குது."

குக்கருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார். மறு கையால் கதவைக் காட்டினார்.